வைஃபை ஸ்கேனுக்கு மலிவு யூஎஸ்பி அடாப்டர்: எதைப் பார்த்து வாங்குவது, எப்படிச் சோதிப்பது

வைஃபை ஸ்கேன் செய்து பழக ஒரு யூஎஸ்பி அடாப்டர் வேண்டும் என்று தேட ஆரம்பித்தால், பெட்டிமேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் எண்தான் முதலில் கண்ணில் படும். 150, 300, 600, 1200, 1300 என்று அது ஏறிக்கொண்டே போகும்; கூடவே விலையும் ஏறும். படம் பார்க்கவும் பெரிய கோப்புகளை இறக்கவும் வாங்குகிறவருக்கு அந்த எண் ஓரளவு பயன்படும். ஸ்கேன் செய்ய வாங்குகிறவர் அதைக் கண்டுகொள்ளவே வேண்டாம். அடாப்டருக்குள் இருக்கும் சிப் எது, அதைக் கணினியோடு பேசவைக்கும் டிரைவர் நிரல் எப்படிப்பட்டது, உங்கள் இடத்தில் அது எவ்வளவு கேட்கிறது என்ற மூன்று கேள்விகள்தான் முக்கியம். பத்து மடங்கு விலையுள்ள அடாப்டர் இந்த மூன்றிலும் தோற்றுப்போவதுண்டு. ஆகக் குறைந்த விலையுள்ள ஒன்று மூன்றிலும் ஜெயிப்பதும் உண்டு.

நெட்வொர்க் ஸ்கேன் என்று சொன்னால் இரண்டு வேறு வேலைகளைக் குறிக்கலாம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு நெட்வொர்க்கில் சேர்ந்த பிறகு, அதில் என்னென்ன கருவிகள் இருக்கின்றன, எந்தெந்த போர்ட் (மென்பொருள்கள் தகவல் பெறும் எண்ணிட்ட வாசல்) திறந்திருக்கிறது என்று என்மேப் போன்ற மென்பொருளை வைத்துத் தேடுவது ஒன்று. அதற்கு எந்த அடாப்டரும் போதும், லேப்டாப்பில் ஏற்கனவே இருக்கும் வைஃபையே போதும். இன்னொன்று, எதிலும் சேராமலே காற்றில் எந்தெந்த வைஃபை நெட்வொர்க்குகள் இருக்கின்றன, எந்தச் சேனலில் (அலைவரிசைக்குள் எண்ணிட்ட ஒரு பகுதி), எவ்வளவு பலமாக, என்ன பாதுகாப்போடு என்று கேட்டறிவது. அடாப்டரைப் பார்த்து எடுக்க வேண்டியது இந்த இரண்டாவது வேலைக்குத்தான். இந்தக் கட்டுரையும் அதைப் பற்றியதே.

ஸ்கேன் செய்யும்போது என்ன நடக்கிறது

ஒவ்வொரு ரவுட்டரும் "நான் இங்கே இருக்கிறேன்" என்று விடாமல் அறிவித்துக்கொண்டே இருக்கும். அந்த அறிவிப்புக்குப் பெயர் பீக்கன். வழக்கமான அமைப்பில் 102.4 மில்லிவிநாடிக்கு ஒரு பீக்கன், அதாவது விநாடிக்கு ஏறக்குறைய பத்து. நெட்வொர்க்கின் பெயர், ரவுட்டரின் முகவரி, சேனல், பாதுகாப்பு வகை, தாங்கும் வேகங்கள் எல்லாம் அதில் இருக்கும். சில ரவுட்டர்கள் இப்போது எத்தனை கருவிகள் தன்னோடு சேர்ந்திருக்கின்றன என்பதைக்கூட அதிலேயே சொல்லிவிடும். பெயரை மறைத்து வைத்த நெட்வொர்க்கும் பீக்கன் அனுப்பத்தான் செய்யும். பெயர் இருக்க வேண்டிய இடம் மட்டும் காலியாக இருக்கும்.

இந்தப் பீக்கனைப் பழைய கருவிகளும் புரிந்துகொள்ள வேண்டும். அதனால் ரவுட்டர் அதை மெதுவான அடிப்படை வேகத்தில்தான் அனுப்புகிறது. வைஃபை ஓடும் அலைவரிசைகளில், 2.4 கிகாஹெர்ட்ஸில் பெரும்பாலும் விநாடிக்கு 1 மெகாபிட், 5 கிகாஹெர்ட்ஸில் பெரும்பாலும் 6 மெகாபிட். ரவுட்டர் எவ்வளவு புதியது, எத்தனை ஆயிரம் மெகாபிட் தாங்கக்கூடியது என்பதெல்லாம் இங்கே பொருட்டே இல்லை. 150 மெகாபிட் என்று எழுதிய சின்ன அடாப்டரும் 1300 என்று எழுதிய பெரிய அடாப்டரும் அதே 1 மெகாபிட் பீக்கனைத்தான் கேட்கின்றன. பெட்டி எண்ணைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். அந்த எண்ணே இரண்டு அலைவரிசையின் உச்ச வேகங்களையும் கூட்டி, பெரிதாகத் தெரியும்படி எழுதியது. 600 என்றால் 2.4-இல் 150-உம் 5-இல் 433-உம் சேர்ந்து 583, அதை மேலே தள்ளி 600. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே அடாப்டரில் கிடைக்காது.

பீக்கனுக்காகச் சும்மா காத்திருந்து கேட்பது ஒரு முறை. "யாராவது இருக்கிறீர்களா" என்று அடாப்டரே கேள்வி அனுப்பி, வரும் பதில்களைச் சேகரிப்பது இன்னொரு முறை. இரண்டாவது வேகமானது. ஆனால் 5 கிகாஹெர்ட்ஸில் ரேடார்களோடு பகிர்ந்துகொள்ளும் சேனல்களில் அடாப்டர் தானாகக் கேள்வி அனுப்பக் கூடாது, காத்திருந்துதான் கேட்க வேண்டும். ஒரே ஒரு ஸ்கேனில் சில 5 கிகாஹெர்ட்ஸ் நெட்வொர்க்குகள் விட்டுப்போய், அடுத்த ஸ்கேனில் தலைகாட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். அடாப்டரைக் குறை சொல்வதற்கு முன் நாலைந்து முறை ஸ்கேன் செய்து பாருங்கள்.

சாதாரண மோடும் மானிட்டர் மோடும்

நாம் தினமும் பயன்படுத்தும் நிலையில் அடாப்டர் தனக்கு வந்ததை மட்டும் கணினிக்குத் தரும், மற்றதைத் தூக்கி எறிந்துவிடும். ஸ்கேன் என்று கேட்டால் நெட்வொர்க்குகளின் பட்டியலைத் தரும். உங்கள் வீட்டில் எந்தச் சேனல் நெரிசலாக இருக்கிறது, எந்த மூலையில் சிக்னல் விழுகிறது என்று பார்க்க இவ்வளவே போதும். இதற்கு எந்த மலிவு அடாப்டரும் வேலை செய்யும்.

மானிட்டர் மோட் வேறு ரகம். அதில் அடாப்டர் எந்த நெட்வொர்க்கிலும் சேராது. நிற்கும் சேனலில் காதுக்கு எட்டும் ஒவ்வொரு ஃபிரேமையும் (வைஃபையில் ஒரே தடவையில் போகும் தகவல் துண்டு), அது யாருக்குப் போனாலும், அப்படியே கணினிக்குக் கொடுக்கும். கூடவே அந்த ஃபிரேம் எவ்வளவு பலத்தில் வந்தது, எந்த வேகத்தில் வந்தது என்ற குறிப்பையும் ஒட்டித் தரும். வயர்ஷார்க், கிஸ்மெட், ஏர்கிராக் தொகுப்பில் உள்ள ஏரோடம்ப் போன்ற மென்பொருள்கள் முழுத் திறனோடு ஓட இந்த மோட் வேண்டும். ரவுட்டர்களை மட்டும் இல்லாமல் அவற்றோடு பேசும் போன்களையும் மற்ற கருவிகளையும் காண்பது இதில்தான். கடவுச்சொல் உள்ள நெட்வொர்க்குகளில் உள்ளடக்கம் குறியாக்கத்தில் பூட்டப்பட்டிருக்கும். யார் யாரோடு பேசுகிறார்கள் என்பது மட்டும் தெரியும்.

மூன்றாவதாக, தானே உருவாக்கிய ஃபிரேம்களைக் காற்றில் விடும் திறன் ஒன்று உண்டு, இன்ஜெக்‌ஷன் என்பார்கள். விற்பனைப் பக்கங்களில் இதைப் பெரிதாகப் போடுவார்கள். ஸ்கேன் செய்ய இது தேவையே இல்லை. கற்றுக்கொள்ளும் கட்டத்தில் இதற்காகக் கூடுதலாகச் செலவழிப்பது வீண் என்பது என் கருத்து.

எல்லாம் சிப்பில் இருக்கிறது

அடாப்டரின் மேலே அச்சிட்ட நிறுவனப் பெயரை நம்பி முடிவெடுத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் சிப். அதைத் தயாரிப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. ஏத்தரோஸ், ராலிங்க், ரியல்டெக், மீடியாடெக் ஆகிய பெயர்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள். இவற்றில் ஏத்தரோஸை குவால்காமும் ராலிங்கை மீடியாடெக்கும் 2011-இல் வாங்கிவிட்டன. ஆகவே பழைய சிப்புகள் இரண்டு பெயரிலும் குறிப்பிடப்படும், குழம்ப வேண்டாம்.

சிப் எவ்வளவு முக்கியம் என்பதற்கு எல்லோரும் சுட்டும் எடுத்துக்காட்டு டிபி-லிங்க்கின் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற அடாப்டர். அதன் முதல் பதிப்பில் இருந்தது ஏத்தரோஸின் ஏஆர்9271. லினக்ஸில் செருகிய உடனே மானிட்டர் மோட் வேலை செய்யும் அருமையான சிப் அது. அதன் உள்மென்பொருளின் மூலநிரலே 2013-இல் திறந்துவிடப்பட்டது. அதனால் பாடம் நடத்துகிறவர்கள் எல்லோரும் அந்த மாடலையே சிபாரிசு செய்தார்கள். பிறகு வந்த இரண்டாம், மூன்றாம் பதிப்புகளிலும் அதே மாடல் பெயர், ஏறத்தாழ அதே தோற்றம். உள்ளே இருந்தது மட்டும் ரியல்டெக்கின் ஆர்டிஎல்8188இயூஎஸ். பழைய சிபாரிசை நம்பி வாங்கியவர்களுக்கு மானிட்டர் மோட் உடனே கிடைக்கவில்லை. வேறு டிரைவரைத் தேடிப் பிடித்துத் தொகுத்து நிறுவ வேண்டியதாயிற்று. மாடல் எண் மட்டும் போதாது, பதிப்பு எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

பெயரே இல்லாத மலிவுச் சரக்கில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் இந்த மாதம் ராலிங்கின் ஆர்டி5370, அடுத்த மாதம் மீடியாடெக்கின் எம்டி7601யூ என்று மாற்றிப் போடுவது சகஜம். விளம்பரத்தில் சிப் பெயர் எழுதியிருந்தாலும் கையில் வந்ததைச் சோதித்தே ஆக வேண்டும்.

அந்தச் சோதனை எளிது. ஒவ்வொரு யூஎஸ்பி கருவியும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள நான்கு நான்கு இலக்கமாக இரண்டு எண்களைச் சொல்லும். முதல் நான்கு இலக்கம் நிறுவனத்தைக் குறிக்கும், அடுத்த நான்கு இலக்கம் பொருளைக் குறிக்கும். லினக்ஸில் எல்எஸ்யூஎஸ்பி (lsusb) என்ற கட்டளையை அடித்தால் இந்த ஜோடி வரிசையாக வரும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரில் அந்தக் கருவியின் விவரங்களுக்குள் போனால் ஹார்டுவேர் ஐடி என்ற இடத்தில் இருக்கும். இரண்டாம் பாதி 9271 என்றால் ஏஆர்9271, 5370 என்றால் ஆர்டி5370, 7601 என்றால் எம்டி7601யூ. எண்ணும் சிப் பெயரும் எப்போதும் இப்படிப் பொருந்தி வராது. ஆர்டிஎல்8188இயூஎஸ் தன்னை 8179 என்று சொல்லிக்கொள்ளும். அந்த ஜோடியை அப்படியே தேடுபொறியில் இட்டால் சிப் எது என்று தெரிந்துவிடும்.

ஒரு விஷயம் புதியவர்களைப் பெரிதும் குழப்பும். சில அடாப்டர்களைச் செருகியதும் வைஃபை கருவியாக வராமல் சிடி டிரைவ் ஒன்றாக வந்து நிற்கும். விண்டோஸ் டிரைவரை அதற்குள்ளேயே வைத்து அனுப்புவதற்காகச் செய்த ஏற்பாடு அது. லினக்ஸில் அந்த டிரைவை வெளியேற்றினால், அல்லது யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற சிறு நிரல் இருந்தால், அடாப்டர் தன் உண்மை வடிவத்துக்கு வந்துவிடும். பெட்டியில் "டிரைவர் தேவையில்லை" என்று எழுதியிருப்பதற்கு அர்த்தம் பெரும்பாலும் இவ்வளவுதான்.

டிரைவர்

சிப் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் டிரைவர் ஒத்துழைக்காவிட்டால் பயனில்லை. ஸ்கேன் வேலைக்கு லினக்ஸ்தான் வசதி என்பதற்குக் காரணமும் டிரைவர்தான். லினக்ஸின் மையப்பகுதியான கர்னலோடு சேர்ந்தே வரும் டிரைவர் உள்ள சிப் என்றால் செருகினால் போதும், கர்னல் மாறினாலும் கவலையில்லை. ஏஆர்9271, ஆர்டி3070, ஆர்டி5370 ஆகியவை பல ஆண்டுகளாக அப்படி இருக்கின்றன. எம்டி7601யூ கர்னல் 4.2 முதலும், இரண்டு அலைவரிசையும் பிடிக்கும் எம்டி7610யூ, எம்டி7612யூ இரண்டும் 4.19 முதலும், 6 கிகாஹெர்ட்ஸையும் எட்டும் எம்டி7921ஏயூ 5.18 முதலும் சேர்ந்தன.

ரியல்டெக்கின் கதை வேறு. ஆர்டிஎல்8812ஏயூ, ஆர்டிஎல்8811ஏயூ போன்றவை சந்தையில் எங்கும் கிடைக்கும், கேட்கும் திறனும் நன்றாகவே இருக்கும். ஆனால் நெடுங்காலம் அவற்றுக்கான டிரைவர் கர்னலுக்கு வெளியேதான் இருந்தது. தன்னார்வலர்கள் திருத்திப் பராமரிக்கும் நிரலை எடுத்து நாமே தொகுக்க வேண்டும். கர்னல் புதுப்பித்ததும் அது உடைந்தால் திரும்பத் தொகுக்க வேண்டும். மிகச் சமீபத்திய கர்னல்களில்தான் இவை உள்ளே வர ஆரம்பித்திருக்கின்றன. லினக்ஸில் கை பழகியவருக்கு இது பெரிய தடையல்ல. முதல் அடாப்டர் வாங்குகிறவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். வைஃபை கற்றுக்கொள்ள வந்தவர் டிரைவரோடு மல்லுக்கட்டியே களைத்துப்போவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

விண்டோஸில் சாதாரண ஸ்கேன் தாராளமாகச் செய்யலாம். மானிட்டர் மோட் என்பிகேப் (Npcap) என்ற மென்பொருள் மூலம் சில அடாப்டர்களில் மட்டும் கிடைக்கும். அதிலும் சேனல் மாற்றுவது போன்ற விஷயங்கள் டிரைவரின் கையில். விண்டோஸ் கணினிக்குள்ளேயே விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் மென்பொருளால் ஓடும் இன்னொரு கணினி) லினக்ஸ் ஓட்டுவது பலர் போகும் வழி. அங்கே யூஎஸ்பி அடாப்டர் கட்டாயம் வேண்டும். லேப்டாப்பின் உள் வைஃபை விர்ச்சுவல் மெஷினுக்குக் கம்பி இணைப்பாகத்தான் தெரியும், வைஃபையாகத் தெரியாது. யூஎஸ்பி அடாப்டரை மட்டும் அப்படியே உள்ளே அனுப்பிவிட முடியும்.

எந்த அலைவரிசை

மலிவில் மலிவான அடாப்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் பிடிப்பவை. இது ஒரு குறை என்று பலருக்குத் தெரிவதே இல்லை, ஏனென்றால் பிடிக்க முடியாதது பட்டியலிலும் வராது. உங்கள் ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கலாம், போன்கள் எல்லாம் அதில்தான் இருக்கலாம். 2.4 மட்டும் தெரிந்த அடாப்டருக்கு அந்த உலகமே கிடையாது. "காற்று அமைதியாக இருக்கிறது" என்று அது காட்டினால் நம்பிவிடக் கூடாது.

முதல் அடாப்டர் கற்றுக்கொள்ள மட்டும் என்றால் 2.4 போதும். வீட்டையோ அலுவலகத்தையோ உண்மையாக அளந்து பார்க்க வேண்டும் என்றால் இரண்டு அலைவரிசையும் உள்ளதை எடுங்கள். 6 கிகாஹெர்ட்ஸ் அடாப்டர்களை இன்னும் மலிவு என்று சொல்ல முடியாது. ஆனால் அது இல்லாமலும் ஒரு வழி உண்டு. மூன்று அலைவரிசையிலும் ஓடும் ரவுட்டர்கள் தங்கள் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் பீக்கன்களுக்குள்ளேயே "எனக்கு 6-இலும் ஒரு முகம் இருக்கிறது, இந்தச் சேனலில்" என்று ஒரு குறிப்பு வைக்கும். வயர்ஷார்க்கில் பீக்கனை விரித்துப் பார்த்தால் அது தெரியும்.

அப்புறம் நாட்டுக் குறியீடு. எந்தச் சேனல்களைப் பயன்படுத்தலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். லினக்ஸில் நாடு குறிப்பிடாவிட்டால் எல்லா நாட்டுக்கும் பொதுவான, மிகக் கட்டுப்பாடான விதிகளோடு அடாப்டர் ஓடும். 12, 13 சேனல்களிலும் 5 கிகாஹெர்ட்ஸின் பெரும்பகுதியிலும் அது கேள்வி அனுப்பாது, காத்திருந்து கேட்க மட்டும் செய்யும். அதனால் ஸ்கேன் மெதுவாகும், சிலது விட்டும் போகும். இருக்கும் நாட்டைச் சரியாக அமைத்துவிட்டு ஐடபிள்யூ லிஸ்ட் (iw list) கட்டளையை ஓட்டுங்கள். அடாப்டர் பிடிக்கும் சேனல்களின் பட்டியலும், தாங்கும் மோடுகளில் மானிட்டர் இருக்கிறதா என்பதும் அந்த ஒரே வெளியீட்டில் வந்துவிடும். டிரைவர் எழுதியவர் சொல்வதைத்தான் அது காட்டுகிறது. நிஜத்தில் வேலை செய்கிறதா என்பதை நாம்தான் சோதிக்க வேண்டும்.

ஆண்டெனாவும் யூஎஸ்பி போர்ட்டும்

நகம் அளவே உள்ள அடாப்டர்களுக்குள் ஆண்டெனா என்பது சர்க்யூட் போர்டில் வரைந்த ஒரு கோடு. லேப்டாப்பின் உடம்போடு ஒட்டிக்கொண்டு இருப்பதால் பாதித் திசையில் அதற்குக் காது கேட்காது. வெளியே நீட்டிய ஆண்டெனா உள்ளது பெரும்பாலும் மேல். திருகிக் கழற்றக்கூடியது இருந்தால் இன்னும் நல்லது, பிற்பாடு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மிக அதிகப் பெருக்கம் என்று சொல்லும் நீள ஆண்டெனாக்களைக் கண்டு மயங்க வேண்டாம். ஆண்டெனா சக்தியை உண்டாக்குவதில்லை. மேலும் கீழும் கேட்பதைக் குறைத்துக்கொண்டு பக்கவாட்டில் கூடுதலாகக் கேட்கிறது, அவ்வளவே. மாடி வீட்டில் கீழ்த்தளத்து ரவுட்டரைத் தேடும்போது அது பாதகமாகக்கூட முடியலாம். "2000 மில்லிவாட் சக்தி" போன்ற விளம்பரங்களும் ஸ்கேனுக்குப் பொருந்தாது, அது அனுப்பும் சக்தி. நாம் கேட்கத்தான் போகிறோம்.

போர்ட் விஷயம் பலர் கவனிக்காதது. யூஎஸ்பி 3 இணைப்புகள் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கசியவிடும். 2012-இல் இன்டெல் நிறுவனமே இதை விளக்கி ஓர் ஆவணம் வெளியிட்டது. அடாப்டரின் பக்கத்திலேயே யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் ஒன்று ஓடிக்கொண்டிருந்தால், தொலைவில் இருக்கும் ரவுட்டர்கள் பட்டியலில் இருந்து காணாமல் போகும். தீர்வு மிக மலிவானது: ஒரு மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்பு கேபிள். அடாப்டரைக் கணினியில் இருந்து தள்ளி, உயரமாக, திறந்த இடத்தில் வைக்கலாம். விலை உயர்ந்த அடாப்டருக்கு மாறுவதைவிட இந்தக் கேபிள் அதிகப் பலன் தரும் என்று அடித்துச் சொல்வேன். கேபிளை ஐந்து மீட்டருக்கு மேல் இழுக்க வேண்டாம். மின்னழுத்தம் குறைந்து அடாப்டர் அடிக்கடி விழும். யூஎஸ்பி 2 போர்ட் 500 மில்லியாம்ப்தான் தரும் என்பதையும், சிறு கணினிகளில் செருகும்போது இது தட்டுப்பாடாகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பீக்கனை எண்ணிப் பார்க்கும் சோதனை

சரி, அடாப்டர் கையில் வந்துவிட்டது. நன்றாகக் கேட்கிறதா என்று எப்படிச் சொல்வது? பலர் செய்வது, இரண்டு அடாப்டர்களில் ஸ்கேன் ஓட்டி, சிக்னல் எண்ணை ஒப்பிடுவது. ஒன்று மைனஸ் 52 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு), மற்றது மைனஸ் 60. ஆகவே முதலாவது நல்லது என்பார்கள். இந்த ஒப்பீடு தவறு. ஒவ்வொரு சிப்பும் தன் சொந்த அளவுகோலில்தான் அந்த எண்ணைச் சொல்கிறது, யாரும் அவற்றை ஒரே தராசில் நிறுத்துச் சரிபார்ப்பதில்லை. ஒரே அடாப்டரை வைத்து இந்த அறையில் மைனஸ் 50, அந்த அறையில் மைனஸ் 70 என்று ஒப்பிடலாம். மைனஸ் 30 மிகப் பலம், மைனஸ் 67 வரை நல்லது, மைனஸ் 80-க்குக் கீழே போனால் சிரமம், மைனஸ் 90 ஏறக்குறைய காதுக்கு எட்டாத எல்லை. பத்து டிபி குறைந்தால் சக்தி பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள். வேறு வேறு அடாப்டர்களுக்கு நடுவில் இந்த எண் சாட்சி ஆகாது.

நம்பத்தக்க சாட்சி பீக்கன் எண்ணிக்கை. உங்கள் சொந்த ரவுட்டர் 102.4 மில்லிவிநாடிக்கு ஒன்று அனுப்புகிறது என்று தெரியும் அல்லவா? அப்படியானால் ஒரு நிமிடத்தில் அது அனுப்புவது ஏறத்தாழ 586. அடாப்டர் எத்தனை பிடித்தது என்று எண்ணினால் தேர்வு மதிப்பெண் மாதிரி நேரடியாக விடை கிடைக்கும்.

செய்முறை இது. ரவுட்டர் அமைப்பில் பீக்கன் இடைவெளி 100 என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த 100 என்பதுதான் 102.4 மில்லிவிநாடி. ரவுட்டரை ஒரு சேனலில் நிலையாக நிறுத்துங்கள், தானியங்கித் தேர்வில் விடாதீர்கள். அடாப்டரை மானிட்டர் மோடுக்கு மாற்றி அதே சேனலில் நிறுத்துங்கள். வயர்ஷார்க்கில் சரியாக ஒரு நிமிடம் பிடித்து, அனுப்பியவர் உங்கள் ரவுட்டர், ஃபிரேம் வகை பீக்கன் (துணைவகை எண் 8) என்று வடிகட்டுங்கள். விருந்தினர் நெட்வொர்க் ஒன்று கூடவே ஓடினால் அதற்குத் தனி முகவரி, தனி பீக்கன். இரண்டையும் கலந்து எண்ணிவிடாதீர்கள். கீழ் ஓரத்தில் காட்டும் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். 570 வந்தால் நூற்றுக்கு 97. அது நல்ல காது. அதே அறையில் 300-தான் வருகிறது என்றால் அடாப்டரோ, போர்ட்டோ, இரைச்சலோ ஏதோ ஒன்று தவறு. நீட்டிப்பு கேபிள் போட்டு மறுபடி எண்ணிப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

அறைக்குள்ளே எல்லா அடாப்டரும் நல்ல பிள்ளைகள்தான். உண்மையான தேர்வு தொலைவில். இரண்டு சுவர் தாண்டி, சிக்னல் மெலிந்த ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, இரண்டு அடாப்டர்களையும் ஒன்றன்பின் ஒன்றாக அதே கேபிளில், அதே உயரத்தில், அதே திசையில் வைத்து எண்ணுங்கள். கதவு திறந்திருந்தால் இரண்டு முறையும் திறந்திருக்கட்டும். ஆள் நடமாட்டம்கூட எண்ணிக்கையை மாற்றும். ஆகவே ஒரு முறை எண்ணிவிட்டு முடிவுக்கு வராமல், அடாப்டர்களை மாற்றி மாற்றிச் சிலமுறை செய்யுங்கள். வயர்ஷார்க் கடினமாக இருந்தால், ஏரோடம்ப்பைச் சேனல் குறிப்பிட்டு ஓட்டினால் ஆர்எக்ஸ்க்யூ (RXQ) என்ற பத்தி தோன்றும். கடைசிப் பத்து விநாடிகளில் வந்த ஃபிரேம்களில் எத்தனை சதவீதம் நன்றாகப் பிடிபட்டது என்று அது சொல்லும்.

மானிட்டர் மோட் கொஞ்ச நேரம் ஓடிவிட்டுத் தானாகச் சாதாரண மோடுக்குத் திரும்பினால் அடாப்டரைச் சபிக்காதீர்கள். பெரும்பாலும் நெட்வொர்க் மேனேஜர் போன்ற பின்னணி நிரல் இடையில் புகுந்து அதை எடுத்துக்கொள்வதுதான் காரணம். அந்த அடாப்டரைத் தொடாதே என்று அதற்குச் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகும் நின்று போனால், டிமெசேஜ் (dmesg) கட்டளையில் யூஎஸ்பி துண்டிப்புச் செய்திகள் இருக்கின்றனவா பாருங்கள். மின்சாரப் பற்றாக்குறையும் சூடும் அங்கேதான் முகம் காட்டும். இரண்டு மணி நேரம் விடாமல் ஓடவிட்டுப் பார்ப்பதும் தேர்வில் ஒரு பகுதியாக இருக்கட்டும், மலிவு அடாப்டர்களில் பல விழுவது இந்த இடத்தில்தான்.

ஒன்றைவிட இரண்டு

ஓர் அடாப்டர் ஒரு நேரத்தில் ஒரு சேனலைத்தான் கேட்கும். எல்லாவற்றையும் பார்க்கச் சேனல் சேனலாகத் தாவ வேண்டும். 2.4-இல் 13, 5 கிகாஹெர்ட்ஸில் நாட்டைப் பொறுத்து இருபதுக்கு மேல். மொத்தம் 38 என்று வைத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் கால் விநாடி நின்றால் ஒரு சுற்றுக்கு ஒன்பதரை விநாடி. எந்த ஒரு சேனலுக்கும் அதில் கிடைப்பது கால் விநாடி. மீதி நேரம் அங்கே நடந்ததெல்லாம் காதில் விழாமலே போய்விடும். பீக்கன் திரும்பத் திரும்ப வருவதால் ரவுட்டர்கள் தப்பாது. எப்போதாவது ஒருமுறை பேசும் சின்னக் கருவிகள் தப்பிவிடும். மலிவு அடாப்டரின் பெருமை இங்கேதான் தெரிகிறது. விலை உயர்ந்த ஒன்றுக்குக் கொடுக்கும் பணத்தில் இரண்டு வாங்கி, ஒன்றை 2.4-இலும் மற்றதை 5-இலும் விட்டுவிடலாம். கிஸ்மெட் பல அடாப்டர்களை ஒரே நேரத்தில் ஏற்றுக்கொள்ளும்.

மலிவு அடாப்டரால் முடியாதது ஒன்று உண்டு. பீக்கன்கள் மெதுவான வேகத்தில் வந்தாலும், ரவுட்டருக்கும் போனுக்கும் நடுவே ஓடும் தரவு அப்படி வருவதில்லை. ஒரே ஓடை (ஒரே நேரத்தில் இணையாகப் போகும் தரவு வரிசைகளில் ஒன்று) மட்டும் பிடிக்கும், வைஃபை 4 எனப்படும் 802.11என் அடாப்டரால் இரண்டு ஓடையில் போகும் தரவையோ, வைஃபை 5, வைஃபை 6 முறையில் போகும் தரவையோ படிக்க முடியாது. வயர்ஷார்க்கில் ரவுட்டரின் பீக்கன்கள் கொட்டும், கிடைத்தது என்று சொல்லும் ஒப்புகைகள் வரும், உண்மையான தரவு ஃபிரேம்கள் மட்டும் ஏனோ குறைவாக இருக்கும். அடாப்டர் பழுது என்று நினைக்க வேண்டாம். எந்தெந்த நெட்வொர்க் இருக்கிறது என்று ஸ்கேன் செய்ய இது தடையில்லை. ஒரு குறிப்பிட்ட கருவியின் போக்குவரத்தை முழுவதும் பிடித்து ஆராய வேண்டும் என்றால், அந்தக் கருவிக்கு நிகரான தலைமுறை அடாப்டர் வேண்டும். அங்கேதான் எம்டி7612யூ, எம்டி7921ஏயூ போன்றவற்றுக்குச் செலவழிப்பது நியாயமாகிறது.

இன்று ஒருவர் கேட்டால் என் பதில்: 2.4 மட்டும் போதும் என்றால் ஏஆர்9271, கிடைக்காவிட்டால் ஆர்டி5370. இரண்டு அலைவரிசையும் வேண்டும் என்றால் எம்டி7610யூ அல்லது எம்டி7612யூ. எதை எடுத்தாலும் ஒரு நீட்டிப்பு கேபிளைச் சேர்த்து வாங்குங்கள், திருப்பிக் கொடுக்க அனுமதிக்கும் இடத்தில் வாங்குங்கள், வந்த அன்றே எல்எஸ்யூஎஸ்பி எண்ணைச் சரிபாருங்கள்.

மானிட்டர் மோடைத் திறக்கும் முன் இன்னொன்று. காற்றில் வரும் பீக்கன் எல்லோருக்கும் பொதுவான அறிவிப்பு, அதைக் கேட்பதில் யாருக்கும் நட்டமில்லை. அடுத்தவர் நெட்வொர்க்கின் போக்குவரத்தைப் பிடித்துச் சேமிப்பதும், அதற்குள் ஃபிரேம்களைச் செலுத்துவதும் பல நாடுகளில் குற்றம், எங்கேயும் தவறு. பீக்கன் எண்ணுவது முதல் எல்லாப் பயிற்சியையும் உங்கள் ரவுட்டரிலேயே செய்யுங்கள். அலுவலகத்திலோ கல்லூரியிலோ என்றால், பொறுப்பில் உள்ளவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகு அடாப்டரைச் செருகுங்கள். வயர்ஷார்க் பிடித்த கோப்பில் அக்கம்பக்கத்துக் கருவிகளின் முகவரிகளும் சேர்ந்தே பதிவாகியிருக்கும். வேலை முடிந்ததும் அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள்.